மூன்றரை மணிக்கு எழுந்து எங்கே போவது?

கோடு போட்ட தாளில் இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்தில் பக்க எண் போட்டு, மருத்துவரான எனக்கு நான்கு தாள்களில் ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவருக்கு 61 வயது. தென் மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் இருக்கிறார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 ஆண்டுகள் கண்டக்டராக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஓய்வுபெற்ற முதல் மாதம் நன்றாகத்தான் போயிருக்கிறது. இத்தனை வருடமாகத் தலையை மட்டும் காட்டிவிட்டு ஓடிவந்த கல்யாண வீடுகளில், முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை இருந்திருக்கிறார். இரண்டாவது மாதத்திலிருந்து ஏதோ ஒன்று கழன்றுவிட்டது. இன்றும் காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முகம் கழுவி, சட்டை மாட்டி, செருப்புக்குள் காலை விடும்போதுதான் போக இடமில்லை என்பது உறைக்கிறது. ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எந்த வண்டி எத்தனை நிமிடம் லேட் என்று எழுதுகிறார். "யாரும் கேட்கவில்லை. யாருக்கும் கொடுக்கப் போவதுமில்லை. எழுதாவிட்டால் கை என்னவோ செய்கிறது" என்கிறார்.

வீட்டில் இருந்தால் மனைவியோடு உரசல். சாம்பாரில் புளி ஏறிவிட்டது, அடுப்பைக் குறைத்து வை, குழுக் கூட்டம் இவ்வளவு நேரமா என்று ஏதாவது சொல்லிவிடுகிறார். மகளிர் குழு ஊக்குநராக இருக்கும் அந்த அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீங்க எங்கேயாவது வெளியே போயிட்டு வாங்களேன்" என்றிருக்கிறார். இந்த ஒரு வாக்கியம் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. மகள் திருப்பூரில், மகன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்பிட்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா, சரிப்பா வைக்கிறேன்." அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது பசி குறைந்திருக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, பாதம் மரத்துப் போகிறது. தூக்கத்துக்காக வாரத்தில் நான்கு நாள் ஒரு குவார்ட்டர். செல்போனில் ஒரு பேச்சாளர், "நீ எதற்காகப் பிறந்தாய் என்று தெரியாவிட்டால் உன் வாழ்க்கை வீண்" என்று சொன்னதைக் கேட்டு, குறிக்கோளை எழுதலாம் என்று அதே நோட்டைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வரிகூட வரவில்லை. "அப்படியானால் வீண்தானோ" என்று முடிவுகட்டிவிட்டார்.

அவர் கேட்பது மூன்று. இது நோயா, கொழுப்பா? நோய் என்றால், மனநல மாத்திரை ஆயுளுக்கும் பிடித்துக்கொள்ளும், பென்ஷனுக்கும் சிக்கல் வரும் என்று மச்சான் சொல்கிறாரே, அது நிஜமா? அல்லது வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவண்ணாமலையில் போய் உட்கார்ந்துவிடலாமா?

ஐயா, இனி உங்களோடு பேசுகிறேன்.

முதலில் ஒரு விஷயம்

மூன்றாம் பக்கத்தின் கடைசியில், "ராத்திரி படுத்தால் காலையில் எழாமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது" என்று எழுதி, பக்கத்திலேயே "சும்மா ஒரு நினைப்புதான்" என்று சேர்த்திருக்கிறீர்கள். நான் அதைச் சும்மா விட மாட்டேன். எழாமல் போனால் நல்லது என்ற நினைப்பும், உயிரை நானே முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேறு வேறு. முதலாவது, நீங்கள் மிகவும் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது வந்திருந்தால், ஒரு முறைதான் வந்தது என்றாலும், இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மூன்றரை மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்த நேரத்தில் பேச ஒரு குரல் இருப்பது பெரிய விஷயம். அப்புறம் இந்த நினைப்பை மனைவியிடம் சொல்லுங்கள். அவர் பயந்துவிடுவார் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. உங்களிடம் ஏதோ சரியில்லை என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். என்னவென்று தெரியாமல்தான் எரிச்சல்படுகிறார்.

நோயா, கொழுப்பா?

கொழுப்பு இல்லை. அதை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். கொழுத்தவர் நான்கு தாள் எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்ப மாட்டார்.

நோயா என்பதைக் கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். மூன்றரைக்கு விழிப்பு வருவதை நீங்கள் பெரிய அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். விடிகாலை முதல் நடை பஸ்ஸை எடுத்துப் பழகிய உடம்பு அந்த நேரத்தில் எழாமல் வேறு எந்த நேரத்தில் எழும்? அதற்கு ரிட்டயர்மெண்ட் ஆர்டர் போகவில்லை. நான் கேட்பது வேறு. எழுந்த அந்த நிமிடம் மனசு எப்படி இருக்கிறது? காலையில் கல்லைக் கட்டியதுபோல் கனமாக இருந்து, பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாகிறதா? முன்பு ரசித்த எதுவும், பேரப்பிள்ளையின் சிரிப்புகூட, உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறதா? பசி குறைவு, அசதி, பழசை எண்ணிக் குற்ற உணர்வு, ஒன்றிலும் கவனம் நிற்காமை, இவை அநேகமாகத் தினமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? ஆம் என்றால் மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கடிதத்தில் இவற்றில் பாதி இருக்கிறது.

அதே நேரம், மனசின் மேல் பழி போடும் முன் ரத்தத்தையும் பார்த்துவிடுவோம். சர்க்கரைக்கு நீங்கள் சாப்பிடும் மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் பல வருடம் சாப்பிடும் சிலருக்கு உடம்பில் பி12 சத்தைக் குறைத்துவிடும். அது குறைந்தால் அசதி வரும், பாதம் மரக்கும், மனசும் சோரும். பாதம் மரத்துப் போவது சர்க்கரையாலேயே வந்ததாகவும் இருக்கலாம். அதனால் பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகிய நான்கையும் எடுத்துவிடுங்கள். என்னிடம் "வாழ்க்கை வெறுத்துவிட்டது" என்று வந்து, தைராய்டு மாத்திரையோடு பாதி சரியாகிப் போனவர்கள் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பி12 குறைந்திருந்தால் அதைத் தனியாக ஈடுகட்டலாம்.

குவார்ட்டர் விஷயத்துக்கு வருகிறேன். தூக்கத்துக்காக என்கிறீர்கள். மது ஆளைச் சீக்கிரம் சாய்க்கும், நிஜம். ஆனால் இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கிழித்துவிடும். குடித்த நாளில் மூன்றரைக்குப் பதில் இரண்டரைக்கு, நெஞ்சு படபடக்க விழிப்பு வருகிறதா என்று அந்த நோட்டிலேயே குறித்துப் பாருங்கள், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். மறுநாள் மனசு இன்னும் இறங்கும். சர்க்கரைக்காரருக்கு 180 மில்லி என்பது சின்ன அளவும் இல்லை. நான்கு நாள் என்று எழுதியது உண்மையில் ஏழு நாளாக இருந்தால், சட்டென்று அடியோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். சிலருக்குத் திடீர் நிறுத்தம் ஆபத்தாகும்.

மச்சான் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் தரும் மாத்திரைகள், தூக்க மாத்திரைபோலப் பழக்கமாகி இன்னும் வேண்டும் என்று இழுப்பவை அல்ல. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறிய பிறகும் சில மாதம் சாப்பிட்டு, மெல்லக் குறைத்து நிறுத்துவோம். இரண்டு வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று தூக்கிப் போடுவதும், தேறியதும் ஒரே நாளில் நிறுத்துவதும்தான் தவறு. பென்ஷனுக்கும் சிகிச்சைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், மருந்தும் இலவசம். மச்சானுக்குத் தெரியாமலே போய்வரலாம். மச்சானுக்குத் தெரிந்தாலும்தான் என்ன?

பிடிக்காத வேலை போனதற்கு ஏன் துக்கம்?

உங்கள் கடிதத்திலேயே நான் அதிக நேரம் நின்ற இடம் இது. "இந்த வேலையை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. சில்லறைச் சண்டை, செக்கிங் இன்ஸ்பெக்டர், தீபாவளிக்கு லீவு கிடையாது, நைட் ஹால்ட்டில் கொசுக்கடி. எப்போதடா முடியும் என்றிருந்தேன். 58-இல் முடிந்திருக்க வேண்டியது, 2020-இல் 59 ஆக்கி, அடுத்த வருடம் 60 ஆக்கினார்கள். அந்த இரண்டு வருடத்தையும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடித்ததை இழந்தால்தான் துக்கம் வரும் என்று நினைக்கிறீர்கள். நமக்குத் தெரியாமலே நம்மைத் தாங்கிக்கொண்டிருந்ததை இழந்தாலும் வரும்.

ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு சின்ன ஆலை ஊர். பொருளாதார மந்தத்தில் ஆலை மூடி, ஊரே வேலை இழந்தது. மரி யஹோடா என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் 1930-களின் தொடக்கத்தில் அங்கே போய், மக்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நேரம்தான் கொட்டிக் கிடக்கிறதே, நிறையப் படிப்பார்கள் என்று நீங்களும் நானும் நினைப்போம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. இன்னொன்றும் செய்தார்கள். மறைவாகக் கடிகாரத்தோடு நின்று, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். அவர்களுக்கு வீடு இருந்தது, அடுப்பு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். நேரத்துக்கு முடிக்க ஏதோ இருந்தது. உங்களுக்கு பென்ஷன் வருகிறது, அவர்களுக்கு வயிற்றுக்கே பாடு. நிலைமை வேறுதான். ஆனாலும் நடை மெதுவாகிப் போன விதம் ஒன்றே.

சம்பளத்தைத் தவிர வேலை வேறு சிலவற்றையும் தருகிறது என்பது யஹோடா பின்னாளில் சொன்ன கருத்து. உங்கள் வேலையை வைத்தே பாருங்கள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் கணக்கை எழுதி இன்வாய்ஸ் போட்டீர்கள். அப்படி முப்பத்தொரு வருட நாளும் தானாக வகுபட்டது. தினம் சில நூறு பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். நீங்கள் விசில் கொடுக்காமல் அத்தனை பெரிய வண்டி நகரவில்லை. நீங்கள் ஒருநாள் வராவிட்டால் டிப்போவில் யாராவது "எங்கேப்பா அவர்?" என்று கேட்டார்கள், கோபமாகவாவது. இதெல்லாம் உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பிடிக்காமலே உங்களை நிமிர்த்தி வைத்திருந்தது. இப்போது ஒரே மாலையில், சால்வையும் போட்டோவும் கொடுத்து, அத்தனையையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

என் தந்தை தபால் துறையில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஆறு மாதம், வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பின்கோடு வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம். இப்போது உங்கள் நோட்டைப் பற்றிப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

மனைவி சொன்ன வாக்கியத்தையும் இங்கேதான் வைத்துப் பார்க்கிறேன். "நீ வேண்டாம்" என்று அவர் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். முப்பத்தொரு வருடம் நீங்கள் டியூட்டிக்கும் நைட் ஹால்ட்டுக்கும் போய்விட, பிள்ளைகளின் காய்ச்சல், பள்ளிக்கூடம், ரேஷன், மாமியார் வைத்தியம் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக ஓட்டியவர் அவர். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு டைம் கீப்பர் இருக்கிறார். புதிதாக இன்னொருவர் வந்து அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு, "ஏன் லேட்டு?" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? செக்கிங் ஏறும்போது உங்களுக்கு வருமே, அதே கோபம்தான். வீட்டு நிர்வாகத்தில் பங்கு கேட்காதீர்கள். வேலையில் பங்கு கேளுங்கள். ரேஷன், கேஸ், கரண்ட் பில், காய்கறி இந்த நான்கையும் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள், உங்கள் முறைப்படி அல்ல. முதல் வாரம் கத்திரிக்காய் முற்றலாக வரும், திட்டு விழும். பரவாயில்லை.

வீடும் திருவண்ணாமலையும்

திருவண்ணாமலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பௌர்ணமிக்குப் போங்கள், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடங்கள் (சர்க்கரையில் மரத்த பாதம், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மருத்துவராக இதைச் சொல்லியே ஆக வேண்டும்). பத்து நாள் தங்குங்கள். மனைவி வருகிறார் என்றால் அழைத்துப் போங்கள். ஆனால் திரும்பி வரும் நாளையும் முடிவு செய்துகொண்டு போங்கள். மனசு ஒடிந்திருக்கும்போது எங்கே போனாலும் அதையும் தூக்கிக்கொண்டுதான் போவோம். இங்கே சிமெண்ட் பெஞ்சு என்றால் அங்கே கல் மண்டபம். ஆன்மிகத்தில் நிஜமான நாட்டம் இருந்தால், ஒரு வருடம் கழித்து மனசு தெளிந்த பிறகும் அது இருக்கும்.

வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் நான் கண்டிப்பாகத் தடை சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை; ஆனால் இந்தக் கதையின் பின்பாதியைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகி மகன் கைக்குப் போய்விட்டால், பிறகு மனம் மாறி நீங்களாக அதை ரத்து செய்வது லேசில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 என்று ஒன்று இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, சொத்தை வாங்கிக்கொண்டவர் பராமரிக்காமல் விட்டால், வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு போட்டு அதைச் செல்லாததாக்கக் கேட்கலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லையென்றால் வழக்கு இழுபறியாகும். மகன் நல்ல பிள்ளைதான், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நீங்கள் திருவண்ணாமலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? உங்கள் மனைவி. நான்கு தாளில் அவருக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு வரி இல்லை. மகனுக்குப் போக வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால் உயில் எழுதுங்கள். உங்கள் காலம்வரை வீடு உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அதையும் மனைவி பிற்பாடு அங்கேயே இருக்கும் உரிமையோடு, ஒரு வக்கீலை வைத்து எழுதுங்கள்.

சரக்கு ஆட்டோ வாங்கி ஓட்ட விடலாம் என்று நீங்கள் எழுதியிருக்கும் யோசனையும் இதே வரிசைதான். ஆறு மாதத்துக்குப் பெரிய பணம், பத்திரம், கையெழுத்து எதுவும் வேண்டாம். அதுவரை பணம் சும்மா கிடக்கிறதே என்றால், அறுபது தாண்டியவர்களுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம்வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

நோட்டில் எழுத வராத குறிக்கோள்

இப்போது அந்தப் பேச்சாளரிடம் வருகிறேன். பிறந்ததற்கு ஒரு காரணம் எங்கோ எழுதி வைத்திருப்பதுபோலவும், அதைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்து நடக்க வேண்டும் என்பதுபோலவும் பேசுகிறார்கள். இருபது வயதுப் பையனுக்கு அது உற்சாகம் கொடுக்கலாம். சோர்ந்து கிடக்கும் 61 வயதுக்காரருக்கு அது இன்னொரு பரீட்சை. ஃபெயிலாகிவிட்டோம் என்று நோட்டை மூடிவைக்கிறார். என் அனுபவத்தில் வண்டி அப்படிக் கிளம்புவதில்லை. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருப்பவர்களைவிட, மனசு இல்லாமலே சின்னதாக ஒன்றைத் தினம் செய்தவர்கள்தான் முதலில் தேறுகிறார்கள். சிகிச்சையிலும் நாங்கள் இந்த வழியைத்தான் பிடிக்கிறோம்: முதலில் கை கால், மனசு பின்னால் வரட்டும்.

எதைச் செய்வது? அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எழுதியவருக்கே தெரியவில்லை.

இரண்டாம் பக்கத்தின் நடுவில், மூன்றே வரி. பஸ் ஸ்டாண்டில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வயதான அம்மா, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சீட்டை வாங்கிப் பார்த்தீர்கள். ஜி.எச். கண் பிரிவு. ஐந்து இருபது வண்டியில் ஏற்றி, முன் சீட்டில் உட்காரவைத்து, கண்டக்டர் பையனிடம் "ஜி.எச். வாசல்ல இறக்கி விடுப்பா, ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு போயிடாத" என்று சொல்லி அனுப்பினீர்கள். அடுத்த வரியில், "அன்றைக்கு என்னவோ நன்றாகத் தூங்கினேன்" என்று எழுதிவிட்டு, உடனே சாம்பார் சண்டைக்குப் போய்விட்டீர்கள். அன்று குடித்ததாகவும் எழுதவில்லை.

அந்த நல்ல தூக்கத்தை நான் "என்னவோ" என்று விட மாட்டேன். அன்றைக்கு ஒருவருக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள், அதுவும் நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய விதத்தில். எந்த வண்டி எந்த வாசலில் நிற்கும், எந்த வண்டி சுற்றிப் போகும், எந்தக் கண்டக்டரிடம் சொன்னால் ஞாபகமாக இறக்கிவிடுவார் என்பது உங்களைத் தவிர அந்த பெஞ்சில் யாருக்கும் தெரியாது.

இதை ஒரு பெரிய சேவைத் திட்டமாக்கச் சொல்ல மாட்டேன். போர்டு, விசிட்டிங் கார்டு எதுவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஜி.எச்.சில் புறநோயாளிச் சீட்டு வரிசையில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். எந்த அறை, ரத்தம் எங்கே கொடுக்க, ரிசல்ட் எங்கே வாங்க, மாத்திரை வரிசை எது என்று தெரியாமல் கிராமத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் அலைகிறார்கள் என்று தெரியும். அங்குள்ள செவிலியர் கண்காணிப்பாளரிடமோ நிலைய மருத்துவரிடமோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் செய்தால் செக்யூரிட்டி விரட்டுவார், நீங்கள் அதையும் "நான் வேண்டாதவன்" கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஆஸ்பத்திரி ஒத்து வராவிட்டால் பஸ் ஸ்டாண்டே போதும். அங்கே யார் அனுமதியும் தேவையில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க ஒருவராவது இருக்க வேண்டும். டீக்கடைக்காரரோ, ஐந்து இருபது வண்டியின் கண்டக்டரோ, யாராவது. அவரிடம் எந்த நாள் வருவேன் என்று சொல்லி வையுங்கள். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் டியூட்டிக்கு நாமே லீவு போட்டுவிடுவோம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர்கள் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்கிறீர்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள்? மகனுக்கு உங்கள் வேலையைப் பற்றி எவ்வளவு தெரியும்? அடுத்த முறை அந்தக் கண் ஆஸ்பத்திரி அம்மாவைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். உடம்பு விசாரிப்பைத் தவிர வேறு பேச்சு உங்களிடமிருந்து வந்தால் போன் கொஞ்சம் நீளும்.

ஒரு மாதத்தில் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வு நோயே இருந்தால், பஸ் ஸ்டாண்டு சேவை மருந்துக்கு மாற்றாகாது, இரண்டும் வேண்டும். இந்த வாரம் செய்ய வேண்டியது, வரிசையாக: மனைவியிடம் அந்த நினைப்பைச் சொல்வது, ரத்தப் பரிசோதனை, அடுத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு நாள். தனியாகப் போக வேண்டாம், மனைவியையும் கூட்டிப் போங்கள். அவர் பார்த்ததை அவர் சொல்லட்டும். உங்கள் கடிதத்தில் விட்டுப்போனது அவரிடம் இருக்கும்.

கடைசியாக, அந்தத் தோல் பை. ஆணியில் தொங்குகிறது, மனைவி தூக்கிப் போடச் சொல்கிறார், போட மனசில்லை, எடுத்து மோந்து பார்த்தால் காசு வாசனை அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போட வேண்டாம். சர்க்கரைச் சீட்டு, பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை, அந்த நோட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அதில் அடுக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத் தேடச் சொல்கிறார்கள்.